ஹாலோவீன் இரவில் வாசலுக்கு வந்தவர்கள்

2016ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 29ஆம் நாள் வந்தது. டப்ளினின் தென்மேற்குப் புறநகரான டாலாவில் நாங்கள் குடியேறி அப்போது நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. தீபாவளிக்குச் சுட்ட முறுக்கில் பாதி டப்பாவில் மீதமிருந்தது. இரண்டு நாள் கழித்து, ஹாலோவீன் அன்று, இருட்டத் தொடங்கியதும் அழைப்பு மணி ஒலித்தது. கதவைத் திறந்தால் ஓர் எலும்புக்கூடும், ஒரு சூனியக்காரியும், இன்ன வேடமென்று விளங்காத பச்சை நிற உருவம் ஒன்றும் பையை விரித்தபடி நின்றுகொண்டிருந்தன. மிட்டாய் வாங்கி வைக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. குழந்தைகளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் முறுக்கை எடுத்து நீட்டினேன். எலும்புக்கூடு ஆவலோடு கையை நீட்டியது. ஆனால் நான்கடி தள்ளி நின்றிருந்த தாய், மிகவும் கனிவாகவே, உறை பிரிக்காத பண்டமாக இருந்தால்தான் பிள்ளைகள் வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, மூவரையும் அடுத்த வீட்டுக்கு அழைத்துப் போனார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தாயின் தயக்கத்துக்குப் பின்னால் ஏறத்தாழ நாற்பதாண்டுக் கதை ஒன்று இருக்கிறது என்பதும், அதற்கு முந்திய பல நூற்றாண்டுகளாக இதே இரவை ஒட்டி, வீட்டில் சுட்ட பண்டத்துக்காகவே மக்கள் வாசல் வாசலாக ஏறி இறங்கினார்கள் என்பதும் பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஹாலோவீனைப் பற்றி எதைப் படித்தாலும் நான் வாசலையே கவனிக்கிறேன். யார் வந்து நிற்கிறார்கள், என்ன வாங்கிப் போகிறார்கள், அதற்கு ஈடாக என்ன கொடுக்கிறார்கள், கதவைத் திறப்பவர் எதற்கு அஞ்சுகிறார் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு காலமும் வேறு வேறு விடை சொல்லியிருக்கிறது.

பெயரிலிருந்து தொடங்கலாம். ஹாலோ என்பது பழைய ஆங்கிலத்தில் புனிதரைக் குறிக்கும். ஈன் என்பது மாலையைக் குறிக்கும் சொல்லின் ஸ்காட்லாந்துச் சுருக்கம். நவம்பர் 1ஆம் நாள் கத்தோலிக்கத் திருச்சபை கொண்டாடும் சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்தைய மாலை என்பதே அந்தப் பெயரின் பொருள். மறுநாள், அதாவது நவம்பர் 2, நான் வளர்ந்த தூத்துக்குடியில் கல்லறைத் திருநாள். கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மாலையில் மெழுகுவர்த்தி ஏற்றும் அந்த நாளை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அமெரிக்கத் திரைப்படங்களில் கண்ட பேய் வேடக் கூத்தும் அந்த அமைதியான மெழுகுவர்த்தி வரிசையும் ஒரே திருநாள் கொத்தைச் சேர்ந்தவை என்பதை அயர்லாந்துக்கு வரும்வரை நான் அறியவில்லை.

ஐரிஷ் மொழியில் இந்த இரவுக்கு வேறு பெயர் இருக்கிறது. நவம்பர் மாதத்தை அவர்கள் சவ்வின் என்கிறார்கள். ஹாலோவீன் அவர்களுக்குச் சவ்வின் மாதத்தின் இரவு. கோடைக்கால மேய்ச்சல் நிலங்களிலிருந்து மாடுகளைக் கீழே ஓட்டி வந்து, குளிர்காலம் முழுவதும் எத்தனை உருப்படிகளுக்குத் தீவனம் தாங்கும் என்று கணக்கிட்டு, மிஞ்சியவற்றை அறுக்கும் காலம் அது. நில வாடகை கொடுப்பதற்கும் கூலியாட்களை அமர்த்துவதற்கும் உரிய தவணை நாளாகவும் அது வெகுகாலம் இருந்தது. ஆண்டின் வெளிச்சப் பாதி முடிந்து இருட்டுப் பாதி தொடங்கும் அந்தச் சந்தியில் பழைய புதைமேடுகள் திறந்துகொள்ளும், வேற்றுலகத்தார் வெளியே வருவர் என்று இடைக்கால ஐரிஷ் கதைகள் சொல்கின்றன. ராஸ்காமன் மாவட்டத்தில் ராக்ரோஹன் என்னும் இடத்தில் பூனைகளின் குகை என்றழைக்கப்படும் ஒரு பிளவு இருக்கிறது. நுழைவாயிலின் மேற்கல்லில் ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும் அந்தக் குகையிலிருந்துதான் சவ்வின் இரவில் பயங்கரங்கள் புறப்பட்டு வரும் என்பது கதை. நான் அதற்குள் போயிருக்கிறேன். குனிந்து, பிறகு ஏறத்தாழத் தவழ்ந்து, முழங்கால் முழுக்கச் சேற்றோடு உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றால், அந்தக் கதையை முதலில் சொன்னவரோடு வாதாடத் தோன்றாது.

ஆனாலும் இந்த இடத்தில் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஹாலோவீன் ஈராயிரம் ஆண்டுப் பழைமையான, கிறித்தவத்துக்கு முந்திய கெல்டிய மக்களின் பண்டிகை, துருயிடு என்ற அவர்களுடைய பூசாரிகள் முகமூடி அணிந்து நெருப்பைச் சுற்றி ஆடினார்கள், திருச்சபை அதன்மேல் தன் திருநாளை ஏற்றி வைத்தது என்று ஆண்டுதோறும் பத்திரிகைகள் எழுதுகின்றன. ஆனால் நான் மேலே சொன்ன இடைக்கால ஐரிஷ் கதைகள் அனைத்தையும் எழுதி வைத்தவர்கள் கிறித்தவத் துறவிகள். அவற்றில் முகமூடி ஊர்வலமும் இல்லை, வீடு வீடாகப் போவதும் இல்லை. சவ்வின் என்பது ஒரு மரண தேவனின் பெயர் என்ற செய்தி, 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் பணியாற்றிய சார்லஸ் வாலன்சி என்ற பிரித்தானிய இராணுவ அளவையாளரின் கற்பனை வளத்தால் பரவியது. அப்படி ஒரு தேவன் இருந்ததற்குச் சான்றே கிடையாது.

திருச்சபைத் தேதியின் கதையும் அவ்வளவு நேரானதன்று. ரோமில் பாந்தியன் கோயில் 609ஆம் ஆண்டு மே 13 அன்று மறைசாட்சியர் அனைவருக்குமாக நேர்ந்தளிக்கப்பட்டது. அங்கே நினைவு நாள் மே மாதத்தில் இருந்தது. அயர்லாந்திலோ, இதே டாலாவில் இருந்த மடத்தைச் சேர்ந்த ஆங்கஸ் என்ற துறவி சுமார் 800ஆம் ஆண்டளவில் இயற்றிய புனிதர் நாள்காட்டி, சகல புனிதர்கள் நாளை ஏப்ரல் 20இல் வைக்கிறது. அந்த மடம் நின்ற இடம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான் என்பதால் இந்தத் தகவலின்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. நவம்பர் 1 என்ற தேதி இங்கிலாந்தின் வட பகுதியிலும் ஜெர்மானிய நிலங்களிலும் வேரூன்றி, 835ஆம் ஆண்டில் பேரரசர் பக்திமான் லூயியின் ஆணையால் பிராங்குப் பேரரசு முழுவதற்கும் உரியதாயிற்று. ஐரிஷ் சவ்வினை விழுங்குவதற்காகத் தேதியை மாற்றினார்கள் என்றால், முதலில் மாறியிருக்க வேண்டியது ஐரிஷ் நாள்காட்டியல்லவா? ரொனால்ட் ஹட்டன் போன்ற வரலாற்றாசிரியர்களும் இந்த ஐயத்தை எழுப்பியிருக்கிறார்கள்.

வாசலில் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்குவது அதற்கும் பிறகுதான். பிரான்சின் கிளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி நவம்பர் 2ஐ இறந்தோர் அனைவருக்குமான மன்றாட்டு நாளாக்கினார். இறந்தபின் பாவக் கறை நீங்கும்வரை காத்திருக்கும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படும் ஆன்மாக்களுக்கு உயிரோடிருப்பவர்களின் செபம் உதவும் என்ற நம்பிக்கை இடைக்கால ஐரோப்பாவில் வலுப்பெற்றபோது, அந்த நம்பிக்கையிலிருந்து ஒரு கொடுக்கல் வாங்கலும் பிறந்தது. இங்கிலாந்தின் ஏழைகள் வீடு வீடாக வந்து, அந்த வீட்டில் இறந்தவர்களின் பெயரால் செபிப்பார்கள். வீட்டார் அவர்களுக்கு ஆன்ம அப்பம் என்ற சிறிய ரொட்டியைக் கொடுப்பார்கள். கதவைத் திறந்தவர் வந்தவருக்கு அஞ்சவில்லை. இறந்துபோன தன் தகப்பனுக்காகவே அஞ்சினார். வெளியே நின்ற ஏழையிடம் அந்த அச்சத்துக்கு மருந்து இருந்தது.

16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தச் சபையினர் உத்தரிக்கிற ஸ்தலமே கிடையாது என்று அறிவித்தபோது இந்தக் கொடுக்கல் வாங்கலின் அடிப்படை போயிற்று. முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில், இறந்தோருக்காக அந்த இரவில் மணியடிப்பது தடை செய்யப்பட்டது. 1605இல் நாடாளுமன்றத்தைத் தகர்க்க நடந்த வெடிமருந்துச் சதி முறியடிக்கப்பட்டதைக் கொண்டாட நவம்பர் 5ஆம் நாளைச் சட்டமே நிர்ணயித்ததும், இங்கிலாந்தின் இலையுதிர்கால நெருப்பும் கூச்சலும் அந்தத் தேதிக்கு இடம்பெயர்ந்தன. ஆயினும் செஷயர், ஷ்ரோப்ஷயர் பக்கங்களில் ஆன்ம அப்பம் கேட்டுப் பாடும் வழக்கம், செபம் உதிர்ந்து பாட்டு மட்டும் மிஞ்சிய நிலையில், 19ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் இந்த இரவு அடுப்பங்கரைக்குள் குடியேறி வளர்ந்தது. நான் இதைப்பற்றி மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். 1937க்கும் 1939க்கும் இடையில் அயர்லாந்து அரசு ஒரு வியத்தகு காரியம் செய்தது. ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 50,000 மாணவர்களை, தத்தம் ஊர்ப் பெரியவர்களிடம் பழைய வழக்கங்களைக் கேட்டு எழுதி வரச் சொன்னது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியிலுள்ள நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பில் அந்தக் குறிப்பேடுகள் இருக்கின்றன, இணையத்திலும் படிக்கலாம். பன்னிரண்டு பதின்மூன்று வயதுக் கையெழுத்தில் ஹாலோவீன் விளையாட்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

அவற்றில் மூன்று தட்டு விளையாட்டை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு தட்டில் மோதிரம், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் களிமண் வைத்து, கண்ணைக் கட்டிவிட்டு, தட்டுகளின் இடத்தை மாற்றி, ஒருவரைக் கை வைக்கச் சொல்வார்கள். மோதிரத்தில் கை பட்டால் ஓராண்டுக்குள் கல்யாணம். மண்ணில் பட்டால் சாவு. தண்ணீரில் பட்டால் கடல் கடந்து போக வேண்டியிருக்கும். 1845 முதல் 1852 வரையிலான பெரும் பஞ்சத்தில் பத்து லட்சம் பேரைப் பறிகொடுத்து, அதற்கும் மேற்பட்டோரைக் கப்பலேற்றிய நாட்டில், கல்யாணத்துக்கும் சாவுக்கும் சமமாகப் புலம்பெயர்தலுக்கும் ஒரு தட்டு தேவைப்பட்டிருக்கிறது.

தேநீரில் ஊறிய உலர் திராட்சை போட்டுச் செய்யும் பார்ம்பிராக் ரொட்டியும் இதே வகையான குறி சொல்லிதான். மாவுக்குள் மோதிரம், காசு, கந்தல் துணி, குச்சி, பட்டாணி ஆகியவற்றைப் புதைத்துச் சுடுவார்கள். காசு கிடைத்தவருக்குச் செல்வம், துணி கிடைத்தவருக்கு வறுமை, பட்டாணி கிடைத்தவருக்கு அவ்வாண்டு கல்யாணமில்லை, குச்சி கிடைத்தவருக்கு அடிதடியான இல்லறம். காதலர் இருவர் பெயரை இரண்டு கொட்டைகளுக்கு வைத்துத் தணலில் போட்டு, இரண்டும் அமைதியாகச் சேர்ந்து எரிகின்றனவா, ஒன்று வெடித்துத் துள்ளி விலகுகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் இந்த இரவைப்பற்றி எழுதிய நெடுங்கவிதையில் கொட்டைகளும் வருகின்றன. கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்தில் கீரைத் தண்டைப் பிடுங்கி, அதன் நெட்டை குட்டையை வைத்து வரப்போகும் துணையின் உருவத்தை ஊகிப்பதும் வருகிறது. அவர் கவிதைக்கு அடிக்குறிப்பும் எழுத வேண்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. அப்போதே நகரத்து வாசகருக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

ஸ்காட்லாந்தில் வேடம் பூண்டு வீடு வீடாகப் போகும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டிலிருந்து பதிவாகியிருக்கிறது. வேடக்காரர்கள் சும்மா வாங்கிப் போகக் கூடாது. பாட்டோ, செய்யுளோ, நகைச்சுவைத் துணுக்கோ சொல்லி, ஆப்பிளும் கொட்டைகளும் ஒன்றிரண்டு காசும் பெற்றுக்கொள்ள வேண்டும். செபம் இருந்த இடத்தில் இப்போது பாட்டு. கையில் டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கு இருக்கும். அயர்லாந்தில், மேயோ மாவட்டத்தின் டர்லோ பார்க் அருங்காட்சியகத்தில் அப்படியொரு விளக்கின் சுண்ணாம்பு அச்சு இருக்கிறது. டொனகால் மாவட்டத்து ஃபின்டவுன் கிராமத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் 1943இல் கொடுத்த கிழங்கு உதிர்ந்துவிடும் நிலையில் இருந்ததால் அச்செடுத்தார்களாம். இடுங்கிய கண்களும் எஞ்சிய சில பற்களும் சுருங்கிய தோலுமாக, தோண்டி எடுத்த பிணத்தின் தலைபோல அது நம்மைப் பார்க்கிறது. இன்றைய பறங்கிக்காய் விளக்கில் அந்தப் பயங்கரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த விளக்குக்கு வழங்கும் ஜாக்-ஓ-லான்டர்ன் என்ற பெயர் இங்கிலாந்தில் முதலில் சதுப்பு நிலத்தில் மினுங்கி மறையும் ஒளியைக் குறித்தது என்று அறிந்தபோது, நம் கொள்ளிவாய்ப் பிசாசுக்கு அங்கேயும் உறவினர் இருப்பது தெரிந்தது.

பறங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துக் காய். தமிழில் அதன் பெயரிலேயே கடல் கடந்து வந்த செய்தி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பஞ்சத்துக்குத் தப்பிப் போன ஐரிஷ்காரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் அங்கே கண்ட பறங்கி, டர்னிப்பைவிடப் பெரியது, குடைவதற்கு மிருதுவானது. அடுப்பங்கரைக் குறி விளையாட்டுகளை அமெரிக்க நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரவேற்பறை விருந்தாக்கினார்கள். மாசசூசெட்ஸைச் சேர்ந்த டெனிசன் என்ற காகித நிறுவனம் 1909 முதல், ஆரஞ்சும் கறுப்புமான சுருக்கக் காகிதத்தைக் கொண்டு அறையை அலங்கரிக்கும் வழிகாட்டிப் புத்தகங்களை விற்றது.

வீட்டுக்குள் பெண்கள் விருந்து வைத்தார்கள் என்றால், வெளியே பையன்கள் வேலியின் கதவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். வண்டியைப் பிரித்துக் கூரைமேல் ஏற்றிப் பூட்டுவதும், மாடுகளை அவிழ்த்து விடுவதும் கிராமத்தில் பொறுத்துக்கொள்ளக் கூடிய குறும்பாக இருந்திருக்கலாம்; நகரத்தில் கண்ணாடி உடைப்பதும் தீ வைப்பதுமாக அது முற்றியது. மின்னசோட்டாவின் அனோகா நகரத்தார், தெருவில் மாடுகள் திரிவதைக் கண்டு சலித்து, 1920இல் பையன்களுக்கு ஊர்வலமும் தின்பண்டமும் ஏற்பாடு செய்தார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிளாக்கி என்ற சிற்றூரைப்பற்றிய 1927ஆம் ஆண்டுச் செய்தியொன்றில், குறும்பா விருந்தா என்று கேட்டுக்கொண்டு சிறுவர்கள் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் வந்ததாகக் குறிப்பு இருக்கிறது. ட்ரிக் ஆர் ட்ரீட் என்ற அந்த வாசகத்தில் பாட்டும் இல்லை, செபமும் இல்லை. கொடுத்தால் போய்விடுகிறோம் என்பதே சாரம். இனிப்பு பூசிய மிரட்டல். வீட்டுக்காரர்களுக்கோ அது மலிவான ஒப்பந்தமாகத் தெரிந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது தொடங்கி, 1942 முதல் 1947 வரை அமெரிக்காவில் சர்க்கரைக்குப் பங்கீடு இருந்ததால் இந்த வழக்கம் சற்றுத் தடைப்பட்டது. பங்கீடு நீங்கியதும், புறநகரங்களில் வரிசை வரிசையாக எழுந்த புது வீடுகளும் அவற்றுக்குள் நிறைந்த குழந்தைகளும் அதை நாடு முழுவதற்கும் பொதுவாக்கின. 1950கள் வரையிலும்கூட வாசலில் கிடைத்தவற்றில் வீட்டில் செய்த பொரியுருண்டையும் பாகில் தோய்த்த ஆப்பிளும் இருந்தன. மிட்டாய் நிறுவனங்கள் சிறு சிறு உறைகளில் அடைத்துத் தந்தவை கொஞ்சம் கொஞ்சமாக அவற்றைத் தள்ளின. முழுமையாகத் தள்ளியது ஓர் அச்சம்.

1974ஆம் ஆண்டு ஹாலோவீன் இரவில் டெக்சாஸில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடியைத் தின்று இறந்தான். காப்பீட்டுப் பணத்துக்காக அதைக் கொடுத்தவர் அவனைப் பெற்ற தந்தை. அவருக்கு 1984இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1982 இலையுதிர்காலத்தில் சிகாகோ வட்டாரத்தில் யாரோ வலிநிவாரணி மாத்திரைகளில் சயனைடு கலந்து வைத்ததில் ஏழு பேர் இறந்தார்கள். இவ்விரண்டும் மக்கள் மனத்தில் சேர்ந்து, முகம் தெரியாத வீட்டுக்காரர் ஒருவர் ஆப்பிளுக்குள் சவரத் தகட்டை மறைத்து வைத்திருக்கிறார் என்ற உருவமாகத் திரண்டன. பிள்ளைகளின் மிட்டாயை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க மருத்துவமனைகளே முன்வந்தன. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1980களிலிருந்து இத்தகைய செய்திகளை ஒவ்வொன்றாகச் சோதித்து வருகிறார். வீடு தேடி வந்த குழந்தையை அந்நியர் ஒருவர் நஞ்சிட்ட பண்டத்தால் கொன்றதாக உறுதிப்பட்ட நிகழ்வு ஒன்றைக்கூட அவர் காணவில்லை. இருந்தும் உறை பிரிக்காத பண்டம் என்ற விதி நிலைத்துவிட்டது. அட்லாண்டிக்கைத் தாண்டி, 2016இல் டாலாவில் என் முறுக்கையும் திருப்பி அனுப்பியது.

வரலாற்றில் முதன்முறையாக, கதவைத் திறப்பவரை வந்து நிற்பவர் கண்டு அஞ்சும் நிலை இவ்வாறு ஏற்பட்டது. தெரியாத வாசலே வேண்டாம் என்று, தேவாலய வாகன நிறுத்தத்தில் கார்களின் பின்கதவைத் திறந்து வைத்து மிட்டாய் கொடுக்கும் பழக்கமும் அமெரிக்காவில் வந்துவிட்டது. இந்தச் சங்கிலியில் அண்மைய கண்ணிமேல் எனக்குக் குறை இல்லை. உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குத் தின்பண்டம் அல்லாத சிறு பொருள் இங்கே கிடைக்கும் என்பதற்கு அடையாளமாக, வாசலில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பறங்கிக்காயை வைக்கும் வழக்கம் 2014 முதல் பரவி வருகிறது. இந்த அச்சமாவது உண்மையானது.

அயர்லாந்துக்கு இவையனைத்தும் தொலைக்காட்சி வழியாகவும் பேரங்காடி வழியாகவும் திரும்பி வந்தன. எங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டி, தம் சிறுவயதில் டப்ளின் தெருக்களில் யாரும் ட்ரிக் ஆர் ட்ரீட் என்று கேட்டதில்லை, ஹாலோவீன் விருந்துக்கு உதவுங்கள் என்றுதான் கேட்போம் என்கிறார். கிடைத்தது ஆப்பிளும், தோடு நீக்காத வேர்க்கடலையும். இப்போது கடைகளில் பறங்கிக்காய் குவிந்து கிடக்கிறது. டர்னிப்பைக் குடைபவரை நான் பார்த்ததில்லை. பார்ம்பிராக் இருக்கிறது, ஆனால் கடையில் விற்பதில் மோதிரம் ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. வறுமையையும் சாவையும் நீக்கிவிட்டுக் கல்யாணத்தை மட்டும் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார்கள். பொதுமக்களுக்கு வாணவெடி விற்பது சட்டவிரோதம் என்றாலும், அன்றிரவு டாலாவின் வானம் மதுரையின் தீபாவளி வானத்துக்குச் சற்றும் குறைவில்லை. சொக்கப்பனைபோல அடுக்கி எரிப்பதற்காகப் பையன்கள் வாரக்கணக்கில் மரச் சட்டங்களையும் டயர்களையும் பதுக்குவதும், நகராட்சி லாரிகள் அவற்றைத் தேடி அள்ளிப் போவதும் ஆண்டுதோறும் நடக்கும் கண்ணாமூச்சி. சுற்றுலாத் துறையோ, 2019 முதல் மீத் மாவட்டத்தில் பூக்கா என்ற குறும்புப் பேயின் பெயரால் விழா நடத்தி, ஹாலோவீன் எங்களுடையதுதான் என்று உலகுக்கு நினைவூட்டுகிறது. பழைய நம்பிக்கையில் பூக்காவின் வேலை, சவ்வினுக்குப் பிறகு செடியில் எஞ்சிய பிளாக்பெர்ரிப் பழங்களின்மேல் எச்சில் துப்பி அவற்றைத் தின்னத் தகாதவையாக்குவது. அதற்கு விழா எடுத்தவர்களின் தைரியத்தை மெச்ச வேண்டும்.

2024ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31ஆம் நாளே வந்தது. வாசலில் அகல் விளக்கும், அதன் பக்கத்தில் மகள் குடைந்த பறங்கிக்காயும், கதவுக்குப் பின்னால் இரண்டு பெரிய பைகள் நிறைய உறையிட்ட மிட்டாயுமாக நாங்கள் ஆயத்தமாக இருந்தோம். ஏழு மணி வரை நாற்பது பிள்ளைகளுக்குமேல் வந்து போனார்கள். எட்டு மணிக்கு மறுபடி மணி ஒலித்தபோது பக்கத்து வீட்டு மூதாட்டி, வேடம் எதுவும் இல்லாமல், வழக்கமான கம்பளிச் சட்டையோடு நின்றிருந்தார். கையில் வீட்டில் சுட்ட பார்ம்பிராக் பாதி இருந்தது. உள்ளே வாருங்கள் என்றால் மறுத்துவிட்டு, ஹாலோவீன் விருந்துக்கு உதவுங்கள் என்று குரலை உயர்த்திக் கேட்டார். முறுக்குத் தட்டை நீட்டினேன். எடுக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டு, சும்மா வாங்குவது முறையில்லை என்று சொல்லி, படியில் நின்றபடியே எனக்குப் புரியாத ஐரிஷ் பாட்டு ஒன்றை இரண்டு அடி பாடினார். பிறகு முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, இதற்குள் மோதிரம் ஏதும் இல்லையே, எனக்குப் பல் குறைவு என்று கேட்டார்.